என் காலுக்கு அளந்தது

ஏற்றம் பாதி தாண்டுவதற்குள் செரோப்பின் இடது குதிகால் சுருக்கென்றது.

போன வாரம் இதே இடத்தில்தான் அவள் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மக்காச்சோளக் கொல்லை ஓரமாக உட்கார்ந்தாள். கூட ஓடிய பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். பின்னால் பைக்கில் வந்த அவள் கணவன் முசோபோ வண்டியை நிறுத்தவே இல்லை.

"வலி கால்ல இல்ல, மனசுல!" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனான்.

அந்த வார்த்தை அன்றிலிருந்து அவளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. இன்று என்ன ஆனாலும் நிற்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினாள். மழை பெய்து ஊறிய செம்மண் பாதை. மலையூரான கப்சோர்வாவின் காலைக் குளிர். ஒவ்வொரு முறை இடது கால் தரையைத் தொடும்போதும் யாரோ குதிகாலில் ஊசியை இறக்குவது போலிருந்தது.

முன்னால் யேகோ ஓடிக்கொண்டிருந்தாள். முசோபோவின் தங்கை. பத்தொன்பது வயது. பள்ளிக்கூடம் முடித்த கையோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். அவளுக்கு முதல் ஓட்ட ஷூ வாங்கிக் கொடுத்தவள் செரோப்தான். ஏற்றத்தில் எப்படி மூச்சுவிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். சனிக்கிழமை தேசிய அணிக்கான தேர்வு ஓட்டம். அதில் ஓட இந்தப் பயிற்சி முகாமிலிருந்து பெண்களுக்கு மிச்சமிருப்பது ஒரே ஓர் இடம். அது செரோப்புக்கு என்று பயிற்சியாளர் கிட்டியோ எப்போதோ சொல்லிவிட்டார்.

உச்சிக்கு வந்து சேர்ந்தபோது யேகோ ஒரு பாறையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். முகம் சுளித்திருந்தது.

"அண்ணி, அண்ணன் குடுத்த இன்சோல் உங்களுக்கும் இப்படித்தான் உள்ளங்காலைக் குத்துதா?"

"எந்த இன்சோல்?"

"இதோ, இதுதான்."

யேகோ ஷூவுக்குள் கையை விட்டு அதை உருவி எடுத்தாள். கருநீலத்தில், விறைப்பாக, நடுவில் நன்றாக மேடிட்டு இருந்தது. குதிகால் உட்காரும் இடம் கிண்ணம் மாதிரி குழிந்திருந்தது.

செரோப் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். இடது காலுக்கானதின் அடியில், குதிகால் பக்கம், கறுப்பாக ஒரு மெல்லிய பட்டை ஒட்டியிருந்தது. வலதை எடுத்துப் பார்த்தாள். அதில் பட்டை இல்லை.

மறுபடியும் இடதைத் திருப்பி அந்தப் பட்டையைத் தடவினாள்.

மலையடிவார நகரமான ம்பாலேயில், கால் வைத்தியம் பார்க்கும் பிசியோ முடோனி அவளை மெத்தென்ற ஒரு நுரைப் பெட்டிக்குள் நிற்கவைத்து இரண்டு பாதத்துக்கும் அச்செடுத்த நாள் ஞாபகம் வந்தது. 'உன் இடது கால் ஒரு நூல் குட்டை, செரோப். இடது குதிகாலுக்கு அடியில மட்டும் ஒரு பட்டை ஒட்டித் தர்றேன். வேற யாருக்கும் இப்படி இருக்காது' என்று சொன்னாள். முசோபோவும் பக்கத்தில் நின்று தலையாட்டினான். அப்புறம் ஒரு நாள், 'டாக்டர் குடுத்துவிட்டாங்க' என்று வெள்ளையாக, பஞ்சு மாதிரி ஒரு ஜோடியைக் கொண்டுவந்து கொடுத்தவனும் அவன்தான்.

"இதை எப்பக் குடுத்தார் உங்க அண்ணன்?"

"மழை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி. ஏன் அண்ணி, முகம் ஏன் இப்படி ஆயிடுச்சு?"

செரோப் இடுப்புப் பையிலிருந்து போனை எடுத்தாள். முடோனி உடனே எடுத்துவிட்டாள்.

"உன்னோடதா? நீலம்தான். உன் வீட்டுக்காரர் கையிலதான் குடுத்தேன். என்ன, இன்னும் போட்டு ஓடலையா? எங்கிட்ட அவரு, பிரமாதமா இருக்குன்னு நீ சொன்னதா இல்ல சொன்னாரு!"

*

வீட்டு வாசலில் முசோபோ பைக் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். அடுப்பில் பால் டீ பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

செரோப் நீல ஜோடியை அவன் முன்னால் மண்ணில் போட்டாள்.

"இது யாரோடது?"

அவன் ஒரு பார்வை பார்த்தான். பிறகு சங்கிலிக்கே திரும்பினான்.

"காலங்காத்தால ஆரம்பிக்காத."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. இது யாரு காலுக்கு அளந்தது?"

"உன் காலுக்கு அளந்ததுதான். இப்ப அதுக்கென்ன? ஒரு துண்டு பிளாஸ்டிக். அதுக்குப் போயி ஊரைக் கூட்டறே."

"ஒரு துண்டு பிளாஸ்டிக்கா? இது இல்லாம நான் தினமும் அழுதுக்கிட்டே ஓடினேன். காலையில எழுந்து தரையில காலை வைக்க முடியாம சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நடந்தேன். நீங்க பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? வலி மனசுலன்னு வேற சொன்னீங்களே!"

முசோபோ எழுந்து நின்றான். அவனும் ஒரு காலத்தில் ஓடியவன். இதே மாதிரி ஒரு குதிகால் வலியோடு ஊசி போட்டுக்கொண்டு ஓடி, காலையே கெடுத்துக்கொண்டவன். அதனால் அவனுக்கு எதுவும் புரியாது என்று சொல்லிவிட முடியாது. அதை நினைத்ததும் செரோப்புக்கு ஆத்திரம் இரண்டு மடங்கானது.

"நல்லாக் கேட்டுக்கோ," என்றான். "சனிக்கிழமை ஓட்டக்காரங்களைப் பொறுக்கிக் கூட்டிட்டுப் போற வெளிநாட்டு ஏஜெண்ட் வர்றான். அவனுக்கு வேண்டியது சின்ன வயசுப் பொண்ணு. முப்பத்தொண்ணு வயசுக்காரியை அவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். இந்த வீட்டுல ஒருத்திதான் மேல போக முடியும். அது யாருன்னு பார்த்தேன். அவ்வளவுதான்."

"அதை நீங்க எப்படி முடிவு பண்ணலாம்?"

"நீ ஓட வேண்டியதெல்லாம் ஓடிட்டே, செரோப்."

"ஓடி முடிச்சுட்டேனா இல்லையான்னு என் காலு சொல்லட்டும். நீ யாருய்யா சொல்றதுக்கு?"

இத்தனை வருடத்தில் அவனை 'நீ' என்று அவள் சொன்னதில்லை. அவனுக்கே தூக்கிவாரிப் போட்டது.

"வாயை அடக்கு."

"எதுக்கு அடக்கணும்? இன்னொருத்தி காலுக்குப் போட்டதை எடுத்துத் தங்கச்சிக்குக் குடுத்தியே, அவளுக்காவது அது சேர்ந்துதான்னு கேட்டியா? அவளைக் கேளு!"

இருவரும் திரும்பினார்கள். யேகோ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலது காலைத் தரையில் முழுசாக ஊன்றாமல் நின்றாள்.

"என்னடி கால்ல?" என்றான் முசோபோ.

"ஒண்ணுமில்ல."

"யேகோ!"

"வலிக்குது! போதுமா?" என்று அவள் கத்தினாள். "அதைப் போட்டதுலேர்ந்து முழங்காலுக்குக் கீழ முன்பக்கம் எரியுது. சொன்னா நீ திட்டுவேன்னு சொல்லல. நான் உங்கிட்ட அண்ணியோடதை எடுத்துக் குடுன்னு கேட்டேனா? கடையில வாங்கினேன்னுதானே சொன்னே? என்னைத் திருடியாக்கிட்டியே!"

முசோபோ எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே யேகோவை நோக்கி ஓர் அடி வைத்தான்.

செரோப் நீல ஜோடியை மண்ணைத் தட்டி எடுத்துக்கொண்டாள். "கிளம்பு யேகோ. ம்பாலேக்குப் போறோம்."

"நானும் வர்றேன்," என்றான் முசோபோ.

"நீ வந்த வரைக்கும் போதும்."

*

வேன் மலையிறங்கி ம்பாலே போய்ச் சேரும்வரை அவர்கள் இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. யேகோ ஒரே ஒருமுறை, "சத்தியமா எனக்குத் தெரியாது அண்ணி" என்றாள். "தெரியும்" என்றாள் செரோப். யேகோவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் உள்ளே நெருப்பு அணையவில்லை.

முடோனி விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த துண்டை மேஜையில் விசிறி அடித்தாள்.

"ஒருத்தர் மூக்குக் கண்ணாடியை எடுத்து இன்னொருத்தருக்கு மாட்டுவாங்களா? இதுவும் அப்படித்தானே! படிச்சுப் படிச்சுச் சொன்னேன் அந்த மனுஷன்கிட்ட!"

முதலில் யேகோவைப் படுக்கவைத்தாள். வலது காலின் முன்பக்க எலும்பை மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டே வந்தாள். ஓர் இடத்தில் யேகோ துள்ளி எழுந்துவிட்டாள். அந்தக் காலில் மட்டும் நின்று ஒரே ஒரு தடவை குதிக்கச் சொன்னாள் முடோனி. யேகோவால் முடியவில்லை.

"விரிசல் விட ஆரம்பிச்சிருக்கும்னு சந்தேகப்படறேன். படம் எடுத்துப் பார்க்கணும். உன் பாதம் தட்டை, பொண்ணே. அதுக்கு அடியில இவ்வளவு மேட்டை வச்சுக்கிட்டு மலை ஏறினா பாரமெல்லாம் எலும்புலதான் இறங்கும். படம் வர்ற வரைக்கும் ஓட்டம் கிடையாது."

"சனிக்கிழமை மட்டும்…"

"சனிக்கிழமை ஓடினா முறியும். அப்புறம் ஒரு வருஷம் படுத்துக் கிடக்கலாம்."

யேகோ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிறகு முடோனி நீல ஜோடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். குதிகால் கிண்ணம் ஒரு பக்கமாக அமுங்கிக் கோணியிருந்தது.

"இது உனக்கும் இனிமே ஆகாது செரோப். அவ மிதிச்ச மிதியில சாய்ஞ்சுடுச்சு. புதுசா செய்ய கம்பாலாவுலேர்ந்து தகடு வரணும். சனிக்கிழமைக்குள்ள வராது."

"அப்ப என்ன பண்றது?"

"ரெடிமேடாத்தான் பார்க்கணும். நீதான் பொறுக்கணும். உன் ஷூவைக் கொண்டா, ஏற்கெனவே உள்ள இருக்கறதை முதல்ல உருவு. அது மேலயே இதையும் வச்சா குதிகால் ஷூவை விட்டு மேல வந்து வழுக்கும்."

மூன்று ஜோடியை எடுத்துத் தரையில் வைத்தாள். ஒன்று கண்ணாடி மாதிரி வழவழவென்று ஜெல். இன்னொன்று பாறை மாதிரி கடினம். மூன்றாவது கார்க் மரப்பட்டையில் செய்தது. ரொம்ப மென்மையும் இல்லை, ரொம்பக் கடினமும் இல்லை. குதிகால் பக்கம் மட்டும் ஆழமான குழி.

செரோப் ஜெல்லைப் போட்டு நின்றாள். வலி சட்டென்று குறைந்த மாதிரி இருந்தது. எத்தனை நாள் கழித்து இப்படி ஒரு சுகம்!

"இது நல்லா இருக்கே."

"நின்னா எல்லாமே நல்லாத்தான் இருக்கும். நீ என்ன நிக்கறதுக்கா வாங்கறே? வெளியில போய் ஓடிட்டு வா."

வெளியே தார்ச்சாலை. மர நிழலில் வாடகைக்கு பைக் ஓட்டுகிறவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏ அக்கா, போலீஸ் துரத்துதா?" என்று ஒருவன் கத்தினான்.

"துரத்தினா உன் வண்டியில ஏற மாட்டேன், நானே முன்னால போயிடுவேன்!" என்றாள் செரோப், நிற்காமலே.

சிரிப்பு எழுந்தது. ஆனால் தெருமுனை வரைக்கும் போவதற்குள் கால் ஜெல்லுக்குள் அமிழ்ந்து இப்படியும் அப்படியும் ஆடியது. திரும்பும்போது குதிகாலில் பழைய ஊசி இறங்கியது. மெத்து மெத்தென்று இருந்ததால்தானே அந்த வெள்ளை ஜோடியிலும் ஏமாந்தோம் என்று நினைத்தாள். உள்ளே வந்து ஜெல்லை உருவி ஓரமாக எறிந்தாள்.

கடினமானதை முடோனியே வேண்டாமென்றாள். வளைவு செரோப்பின் பாதத்தோடு பொருந்தவில்லை. பாதத்துக்கும் அதற்கும் நடுவே விரல் நுழைந்தது.

கார்க் ஜோடியின் விரல்பக்கத்தைக் கத்தரித்து ஷூவின் அளவுக்குச் சரிசெய்தாள் முடோனி. இடது குதிகாலுக்கு அடியில் மெல்லியதாக ஒரு பட்டை ஒட்டினாள். இந்த முறை செரோப் தெருமுனையைத் தாண்டி, சந்தையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள். குதிகால் குழிக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்தது. வலி இருந்தது. ஆனால் ஊசியாக இல்லை, ஓர் அழுத்தமாக மட்டும் இருந்தது.

"இதுதான்," என்றாள் மூச்சு வாங்க.

"சரி. ஆனா இதைப் போட்டா நோய் போயிடும்னு நினைக்காத. கெண்டைக்காலை நீட்டி நீட்டிப் பயிற்சி பண்ணணும், ஓட்டத்துக்கு அப்புறம் ஐஸ் வைக்கணும். சனிக்கிழமை ஓடலாமா கூடாதாங்கறதை நான் சொல்ல மாட்டேன். உன் கால் உன்னோடது."

இத்தனை நாளில் அதைச் சொன்ன முதல் ஆள் முடோனிதான். செரோப்புக்குக் கண் நிறைந்தது. ஆத்திரத்தில் வந்த கண்ணீர்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

*

பயிற்சியாளர் கிட்டியோவின் வீடு அவர்கள் வீட்டுக்கு மேலே, மலைச்சரிவில் இருந்தது. வெயில் சாயும் நேரத்தில் இருவரும் அங்கே போனார்கள். வாசலில் காப்பிக்கொட்டை காயவைத்திருந்த கிட்டியோ, செரோப்பின் காலில் ஓட்ட ஷூவைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"என்னம்மா இது? இந்த நிலைமையில இதைப் போட்டுக்கிட்டு அலையறே?"

"எந்த நிலைமையில கோச்? கால் பரவாயில்ல. சனிக்கிழமை நான் ஓடறேன்னு சொல்லத்தான் வந்தேன்."

கிட்டியோ குழம்பினார். யேகோவைப் பார்த்தார், செரோப்பைப் பார்த்தார்.

"முசோபோ போன வாரமே வந்து சொல்லிட்டானே. நீ முழுகாம இருக்கேன்னு. போன தடவை கலைஞ்ச மாதிரி ஆயிடக் கூடாது, யாரும் அவகிட்ட இதைப் பத்திப் பேச வேண்டாம்னு கண்ணு கலங்கச் சொன்னானே. அதனாலதான் உன் இடத்துல யேகோவைப் போட்டேன்."

காப்பிக்கொட்டை மேல் ஏறிய கோழியை யாரும் விரட்டவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கலைந்த அந்தக் குழந்தையைப் பற்றி அவளும் முசோபோவும் தங்களுக்குள்கூடப் பேசிக்கொள்வதில்லை. அதைத் தோண்டி எடுத்து இந்த வாசலில் விற்றுவிட்டுப் போயிருக்கிறான்.

"என் வயித்துல ஒண்ணுமில்ல கோச்," என்றாள் செரோப். "காலையிலேர்ந்து ஒரு வாய் டீகூட இல்ல."

கிட்டியோ தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "நாளைக்குக் காலையில பேரைச் சொல்லியாகணுமேம்மா… யேகோ, நீ என்ன சொல்றே?"

செரோப் அவளைப் பார்த்தாள். இப்போது யேகோ காலைப் பற்றிச் சொல்லுவாள். சொல்லியே தீருவாள்.

யேகோ நிமிர்ந்தாள். இரண்டு காலையும் அழுத்தி ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"நான் ஓடறேன் கோச். எனக்கு ஒரு குறையும் இல்ல."

இறங்கி வரும் பாதையில் செரோப் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"பைத்தியமாடி உனக்கு? முறிஞ்சா?"

"முறியட்டும்! நீங்க வெளிநாடு போயி ஓடிட்டு வந்தீங்க. ஊரே தூக்கி வச்சுக் கொண்டாடிச்சு. எனக்கு யாரு அண்ணி அப்படி ஒரு நாளைக் குடுப்பா? சனிக்கிழமை விட்டா ஏஜெண்ட் போயிடுவான்."

"நான் கோச்சுகிட்ட சொல்லிடுவேன்."

"சொல்லுங்க. இடம் போன வயித்தெரிச்சல்ல சொல்றாங்கன்னுதான் எல்லாரும் பேசுவாங்க."

அறைய ஓங்கிய கை அப்படியே நின்றது. செரோப் கையைக் கீழே போட்டாள். எத்தனை கெட்டியாகப் பேசினாலும் அந்தப் பெண் ஒவ்வோர் அடிக்கும் உதட்டைக் கடிப்பதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

வீட்டில் முசோபோ அதிசயமாக அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து மக்காச்சோள மாவில் போஷோக் களி கிளறிக்கொண்டிருந்தான். யேகோ அவனைப் பார்க்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"சாப்பிடலாம் வா," என்றான் அவன், கரண்டியைப் பார்த்துக்கொண்டே. "காலையில பேசினது தப்புதான்."

"கோச் வீட்டுலேர்ந்து வர்றோம்."

கரண்டி நின்றது.

"செரோப்… நான் வந்து…"

"உன் விளக்கம் எனக்கு வேண்டாம். அந்தக் குழந்தை பேரைச் சொல்லி நீ பேசினதுக்கு இந்த ஜென்மத்துல உனக்கு மன்னிப்பு கிடையாது. அது தனி. இப்ப இதைக் கேளு. உன் தங்கச்சி கால் எலும்புல விரிசல் விழற மாதிரி இருக்கு. சனிக்கிழமை ஓடினா முறியும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. அவ கோச்சுகிட்ட ஒண்ணுமில்லன்னு பொய் சொல்லிட்டா. நான் போய்ச் சொன்னா பொறாமைன்னு ஆயிடும். நாளைக் காலையில பேர் போறதுக்குள்ள நீதான் போகணும்."

முசோபோ கரண்டியைக் கீழே வைத்தான்.

"போ. அந்த வாசல்லயே போய் நில்லு. இந்தத் தடவை யாரு முழுகாம இருக்கான்னு சொல்லப் போறே?"

அவன் எழுந்தான். போஷோ அடிப்பிடித்துப் புகைந்தது. சுவரில் மாட்டியிருந்த சாவியை எடுத்துக்கொண்டு, அவளைத் தாண்டி வெளியே போனான். பைக் உறுமியது.

உள்ளே கதவு தடாலென்று திறந்தது. யேகோ வெறுங்காலோடு ஓடி வந்தாள்.

"அண்ணே! போகாதே! என்னைக் கெடுக்காதே!"

"நில்லுடி!" என்று செரோப் கத்தினாள்.

யேகோ நிற்கவில்லை. அந்தக் காலோடு, கோச் வீட்டை நோக்கி மலையேறும் அண்ணனுடைய பைக்கின் பின்னால், அவள் ஓடிக்கொண்டிருந்தாள்.